மடிப்புக்குள் நாலு அங்குலம்

அறுபத்து மூன்றில் ஐந்து கோட்டுக்கு அளவெடுத்தேன்,
ஒஹாயோ, டேட்டன், சலவைக்கடைக்கு மேல்மாடி.
குளிர்பெட்டி ஆலையின் கழிவறையில்
ஓடு பதித்த சுவர் திருப்பித் தந்த தங்கள் குரலைக் கேட்டு
தாங்களே சொக்கிப்போன ஐந்து பையன்கள்.
பெயர் வைத்துவிட்டுத்தான் படியேறினார்கள்: ஃபைவ் லாண்டர்ன்ஸ்.
பாட்டு இன்னும் ஒன்றுகூட இல்லை.

நீலம் என்றான் வெண்டல், நள்ளிரவு நீலம்.
முன்னால் நிற்கப்போவது அவன்தான் என்பது
தோளைக் காட்டிய விதத்திலேயே தெரிந்தது.
கிளியோட்டிஸ் மூச்சை உள்ளிழுத்து வயிற்றை மறைத்தான்;
நாடாவிடம் பொய் சொல்லாதே, பாடவும் அந்த மூச்சு வேண்டும் என்றேன்.
எல்ராய்க்கு உச்சக்குரல், கூச்சம், பெண்பிள்ளை மணிக்கட்டு.
ஹார்லன் பிங்க்னி எதையும் சொல்லவில்லை. நடுக்குரல்.
அவன் பாடுவது யார் காதிலும் விழாது,
நிறுத்தினால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.
ஜூனியஸுக்குக் கை முப்பத்தேழு அங்குலம்.
அவன் ‘ம்’ கொட்டினால்
என் மேசைமேல் குண்டூசி டப்பா நடுங்கும்.

அந்த ‘ம்’ தான் இசைத்தட்டில் முதலில் வருகிறது.
அது கடைக்கு வந்த வாரம்
ஜூனியஸுக்கு ராணுவத்திலிருந்து கடிதமும் வந்தது.
உறையின் புகைப்படத்தில் அவன் கோட்டுக்குள் இருப்பது ரோஸெல்,
எல்ராயின் சித்தி மகன்,
குரலில் குறையில்லை, கையில் நாலு அங்குலம் குறை.
வெட்டிவிடுங்கள் மிஸ் ஓபல் என்றார் மேனேஜர்.
நான் வெட்டவில்லை.
எந்தத் தையற்காரியும் விடாத அளவுக்குத் துணியை
உள்ளே மடித்துத் தைத்தேன்.
வியட்நாமிலிருந்து கை திரும்பி வந்தால்
சட்டை குட்டையாக இருக்கக்கூடாது.

பிறகு கதவு சாத்தவே இல்லை.
கிளியோட்டிஸ் கர்த்தரிடம் போனான்;
கோட்டைத் துவைத்துத் தேய்த்துப்
பழுப்புத்தாளில் சுற்றித் திருப்பித் தந்தவன் அவன் ஒருவன்தான்.
வெண்டல் தன் பெயரை எல்லோருக்கும் முன்னால் போட்டுக்கொண்டான்,
சுவரொட்டியில் இப்போது ஆறு பேர், மேடையில் நால்வர்.
எழுபத்தொன்றில் ஒரே சனிக்கிழமை இரவு
டொலீடோவில் ஒரு ஃபைவ் லாண்டர்ன்ஸ்,
கிளீவ்லாண்டில் இன்னொன்று.
இரண்டுக்கும் பொத்தான் தைத்தவள் நான்.
பெயர் யாருக்குச் சொந்தம் என்று
பதினான்கு மாதம் வழக்கு நடந்தது.
கோட்டு யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
மூன்றுக்கு இன்னும் கூலி பாக்கி.

ஹார்லன் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வருவான்.
அரை அங்குலம் பிரித்துவிடச் சொல்வான்.
யார் புதுசு என்று கேட்பேன்,
பெயரை யோசித்துச் சொல்வான்.

எழுபத்து நாலில் ஆக்ரனிலிருந்து ஒருவன், டீகன் ரஷ்,
வாசலில் தலை குனிந்து நுழைந்தான்.
கையை நீட்டு என்றேன். முப்பத்தேழு.
பழைய கோட்டை எடுத்து மடிப்பைப் பிரித்தேன்.
எட்டு வருஷ வெளிச்சம் மேலே வெளுத்திருந்தது;
உள்ளிருந்த நாலு அங்குலம்
வாங்கிய அன்றைய நள்ளிரவு.
தேய்த்தும் சேரவில்லை, சாயமேற்ற நேரமில்லை.
அப்படியே போட்டுக்கொண்டு ஏறினான்,
விளக்கடியில் மணிக்கட்டில் கருநீல வளையம்.
புது மோஸ்தர் என்று நினைத்தது கூட்டம்.
மறுநாளே மற்ற நால்வரும் வந்து நின்றார்கள்:
எங்களுக்கும் அதே மாதிரி.
பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.
அடுத்த உறையில் பாருங்கள், பத்து மணிக்கட்டுகள்.

ஜூனியஸ் எப்போதோ திரும்பி வந்திருந்தான்.
பஸ் ஓட்டுகிறான், பாடுவதில்லை.
ஒரு மதியம் சீருடையோடு வந்தான்,
கழுத்துப் பொத்தான் அறுந்திருந்தது.
சுவரில் ஒட்டியிருந்த உறையை
நான் நூல் கோக்கும்வரை பார்த்தான்.
‘ஸ்லீவ் நல்லா இருக்கு’ என்றான்.
‘ம்’ என்றேன் நான்.
டப்பா அசையவில்லை.
இருபத்தைந்து காசு எண்ணி வைத்துவிட்டு
பஸ்ஸை எடுக்கப் போனான்.